இருநூறு கஜம்

வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆர்கன்சாஸில், வெள்ளம் ஏறி வடியும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் அவளுக்கு ஒரு சின்ன வீடும் ஒடுக்கமான ஒரு மேய்ச்சல் நிலமும் இருந்தன. ஐம்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்தது ஜூன் மட்டும்தான். பிறந்த அன்றே தாயை இழந்த அந்தச் செம்பழுப்புக் குதிரையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள்.

கால்நடை டாக்டர் கிம்ப்ரோ ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தபோது, ஜூன் அவர் சட்டைப்பையை மோந்துகொண்டிருந்தது.

"இருக்குதும்மா. சதுப்புக் காய்ச்சல்."

"போன கோடையில ஒரு வாரம் காய்ச்சல் அடிச்சுது. அப்பவே சரியாப் போச்சே டாக்டர்! இப்ப எப்படி ஓடுது பாருங்க."

"காய்ச்சல்தான் போச்சு, வைரஸ் போகல. இது ரத்த அணுவுக்குள்ள பூந்து, அதோட மரபணுவுலயே தன்னையும் சேத்து எழுதிடும். அப்புறம் குதிரை வேற, வைரஸ் வேறன்னு பிரிக்க முடியாது. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா குதிரை ஈ ஒன்னு இதக் கடிச்சிட்டுப் போய் அடுத்ததக் கடிச்சாப் போதும்."

மருந்து கிடையாது. ஒன்று, ஊசி போட்டுக் கொல்ல வேண்டும். இல்லையென்றால் கழுத்தில் அடையாளச் சூடு போட்டு, இருநூறு கஜத்துக்குள் வேறு குதிரையே இல்லாத இடத்தில் சாகும்வரை தனியாக வைக்க வேண்டும். வெர்லீனின் நிலத்தில் எங்கே நின்றாலும் பக்கத்து நிலத்துக்காரன் ஹோயட்டின் வேலி அறுபது கஜத்துக்குள் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய மூன்று குதிரைகள்.

அவள் ஹோயட்டிடம் போனாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"உன் குதிரைங்கள உன் தம்பி பண்ணையில விடேன் ஹோயட். தீனிச் செலவு என்னோடது."

"நல்லா இருக்கே! சீக்கு உன் குதிரைக்கு, வீடு மாறுறது என் குதிரையா? வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடு. இல்லேன்னா நானே துப்பாக்கிய எடுத்துட்டு வருவேன்."

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கயிற்றை வெர்லீனே பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியதும் ஜூனின் முன்னங்கால்கள் மடிந்தன. அது விழுந்த அதிர்வு அவள் பாதத்தில் தெரிந்தது. வேலியில் சாய்ந்து நின்ற ஹோயட், "குழிய இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லு, நாய் கிளறும்" என்றான்.

பக்கத்துக் குதிரைகளையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஹோயட் ரத்தப் பரிசோதனைச் சீட்டே இல்லாமல் நாட்டுப்புறக் குதிரைப் பந்தயத்தில் வாங்கிவந்த மேஜர் என்ற ஆண்குதிரைக்கும் அதே வைரஸ் இருந்தது. டாக்டர் வேலியோரம் நின்று அவனை விசாரித்தார். வெர்லீனும் அங்கே இருந்தாள்.

"போன வருஷம் வழக்கமான தடுப்பூசி யார் போட்டது?"

"நான்தான். அப்ப என்கிட்ட மேஜர் மட்டுந்தான். வெர்லீன் குதிரைக்கும் சும்மாவே போட்டு விட்டேன்."

"ரெண்டுக்கும் வேற வேற ஊசியா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? ஒரே ஊசிதான்."

"எதுக்கு முதல்ல?"

ஹோயட் வெர்லீன் பக்கம் பார்க்கவில்லை. "மேஜருக்கு. அடுத்தது ஜூன்."

மறுநாளே ஹோயட் மற்ற இரண்டு குதிரைகளையும் தம்பி பண்ணைக்கு ஏற்றி அனுப்பினான். மேஜர் கழுத்தில் சூடு போட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு பக்கம் சதுப்பு, இன்னொரு பக்கம் சோயா வயல். வெர்லீன் நிலமோ காலி. ஜூன் செத்ததால் அவனுக்கு இருநூறு கஜம் கிடைத்துவிட்டது.

வெர்லீன் ஒரு வாரம் வழக்கம்போலப் பேருந்து ஓட்டினாள். சனிக்கிழமை ஏலத்துக்குப் போய், இறைச்சிக்கு விற்க நின்ற ஒரு கிழட்டுக் குதிரையை வாங்கினாள். ஒரு கண் தெரியாது. ஆனால் சுத்தமான ரத்தம் என்று சீட்டு இருந்தது. அதை ஹோயட்டின் வேலியோரமாகக் கட்டினாள். திங்கட்கிழமை தானே அரசு கால்நடை அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள்.

அங்கிருந்து ஆள் வந்து, அந்தக் குதிரைக்கும் மேஜருக்கும் இடையே அளந்தார். நாற்பத்தொரு கஜம்.

அன்று மாலை ஹோயட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றான்.

"வெர்லீன், அந்தக் கிழத்த எங்கயாவது தள்ளி வையி. உனக்கு என்ன வேணுமோ கேளு. மேஜர் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒன்னும் பண்ணல. ஜூனும் ஒன்னும் பண்ணல."

"என் தப்புக்கு அதையா கொல்லுவ?"

"நான் எங்க கொல்றேன்? நான் குதிரை வளக்குறேன்."

மேஜரைக் கொன்ற நாளில் அவள் வேலியருகில் போய் நின்றாள். ஹோயட்டால் கயிற்றைப் பிடித்து நிற்க முடியவில்லை. டாக்டர் சுற்றிப் பார்த்தார். வேறு ஆள் இல்லை. வெர்லீன் வேலியைத் தாண்டிப் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டாள். மேஜர் அவள் தோளில் தாடையை வைத்து மூச்சு விட்டது. இதைப் பார்த்தால் மனசு ஆறும் என்றுதான் வந்திருந்தாள். அது விழுந்தும் ஆறவில்லை.

"உங்ககிட்ட நான் இத எதிர்பாக்கலம்மா" என்றார் டாக்டர், பெட்டியை மூடிக்கொண்டே.

"நானுந்தான்" என்றாள்.

கிழட்டுக் குதிரை இன்னும் ஏழு வருஷம் இருந்தது. அதற்கு வேளை தவறாமல் தீனி வைத்தாள். பெயர் மட்டும் வைக்கவில்லை.