டை ஊறும் நேரத்தில் ஓர் ஓட்டு

பார்லர் அக்காவுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது. கடைத்தெருவின் நடுவில் அவளுடைய அழகு நிலையம். ஆண், பெண் பேதமில்லாமல் அந்தத் தெருவில் பாதித் தலைகளைக் கறுப்பாக வைத்திருப்பவள் அவள்தான். கையுறை போட்டால் முடி பிடிபடாது என்று வெறுங்கையால்தான் டை பூசுவாள். அதனால் பத்து விரலும் எப்போதும் கறுப்பு. இதென்ன கை என்று மாமியார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்.

அக்காவின் ஒரே தலைவலி கடை வாசல் சாக்கடை. மழை பெய்தால் தண்ணீர் சுழல்நாற்காலி வரைக்கும் வரும். வந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையைக் கொடுப்பார்கள். கவுன்சிலரிடம் நடையாய் நடந்தாள். அவர் கடைசியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அந்தத் தெருவில் ஓட்டுப் போடவே ஆள் வருவதில்லை, அங்கே சாக்கடை கட்டி எனக்கென்ன லாபம்? அக்காவுக்குச் சுருக்கென்றது. மனுஷன் சொன்னது பொய்யும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: கல்லாவை விட்டுவிட்டு எப்படி வருவது? டை பூசிக்கொள்ள மட்டும் கல்லா வழி விடுகிறதே என்று அவளுக்கு எரிச்சல். அந்த எரிச்சலில்தான் யோசனை பிறந்தது.

"டை ஊற அரை மணி நேரம் சும்மாதான உக்காந்திருக்கீங்க? தெருமுனைப் பள்ளிக்கூடத்துல போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்க, அலசி விடுறேன். மை வச்ச விரலக் காட்டினா பாதிக் காசு."

யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

தேர்தலன்று தெரு அல்லோலகல்லோலப்பட்டது. மருந்துக்கடைக்காரர், பேக்கரிக்காரர், அவர் மனைவி என்று ஆளாளுக்குத் தலையில் பிளாஸ்டிக் உறையோடு வரிசையில் நின்றார்கள். நரையே இல்லாத மாடிவீட்டுக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து, வந்ததுதான் வந்தோம் என்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். அக்காவுக்கோ நிமிர நேரமில்லை. சாவடி மூடப்போகும் நேரத்தில்தான் தன் ஓட்டு ஞாபகம் வந்தது. கடைசியாக வந்த தையல்காரிக்கு டையைப் பூசி, அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சாவடி அதிகாரி அவளுடைய இடது கையைப் பார்த்தார். வலது கையையும் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, இதுவரைக்கும் எத்தனை ஓட்டுப் போட்டிருக்கீங்க?"

வேட்பாளர்களின் முகவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டியலில் அவள் பெயர் இன்னும் அடிபடவில்லையே என்றார் ஒருவர். வேறு பெயரில் போட்டிருப்பாள் என்றார் இன்னொருவர். அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தெருவையே கிளப்பிவிட்ட பிறகு, தான் மட்டும் கள்ள ஓட்டுக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா? பின்னால் தையல்காரி நெளிந்தாள். நேரமாகிவிட்டது, மண்டை எரிகிறது என்று முனகினாள்.

அக்காவுக்குப் பொறி தட்டியது. தையல்காரியின் தலையுறையைச் சட்டென்று உருவினாள்.

"சார், இந்தத் தலையில ஒரு விரல வச்சுப் பாருங்க. அப்புறம் எனக்கு ஓட்டு உண்டா இல்லையான்னு சொல்லுங்க."

அதிகாரி தயங்கித் தயங்கி விரலை வைத்தார். எடுத்துத் துடைத்தார். கைக்குட்டை கறுத்ததே தவிர விரல் வெளுக்கவில்லை. இனி சாரையும் எந்தச் சாவடியிலும் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு முகவர் சொல்ல, அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். மை வைக்கத்தான் அவள் விரலில் இடமில்லை. தேடிப் பார்த்துவிட்டு மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு மறையும்வரை அக்கா வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டே திரிந்தாள்.

மழைக்கு முன்பே புதுக் கவுன்சிலர் அளவு நாடாவோடு வந்து சாக்கடை ஓரம் குனிந்தார். வார்டிலேயே இந்தச் சாவடியில்தான் அதிக ஓட்டு விழுந்ததாம், வராமல் இருக்க முடியுமா என்றார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனாலும் பார்வை அவருடைய நரைத்த கிருதாவிலேயே நின்றது.

"முதல்ல சாக்கடைய முடிங்க. அடுத்த தேர்தல் வரைக்கும் உங்க தலைக்கு நான் பொறுப்பு."