ஓடிப் பார்க்க ஒரு பாதை

அலுவலகத்தில் அவருக்கு அட்லஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. விளையாட்டு ஷூவும் ஜெர்சியும் விற்கும் கம்பெனி ஒன்றில், வியூகப் பிரிவில் வேலை. வியூகம் என்றதும் யானைப்படை குதிரைப்படை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஊரில் கடை திறக்கலாம், எந்த ஊரில் மூடலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் அவ்வளவு கம்பீரமான பெயர். நாலு பேர் யோசிப்பார்கள், நாற்பது பேர் அதற்கு மீட்டிங் போடுவார்கள்.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவர் நிறைய உலக வரைபடம். எந்த நாட்டில் எப்போது குளிர் தொடங்கும், எங்கே ஜனங்கள் பூங்காவில் ஓடுகிறார்கள், எங்கே நடைபாதையில் ஓடுகிறார்கள், எவருக்குப் பாதம் அகலம், எவருக்கு ஒடுக்கம், எல்லாம் மனிதருக்கு விரல் நுனியில் இருக்கும். அந்த ஊர்களில் ஒன்றிலாவது அவர் கால் வைத்ததில்லை. போகாத ஊருக்கு வழி சொல்கிறவர் என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்வார். அட்லஸும் சிரித்துக்கொள்வார்.

வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் வராமலே நின்றுவிட்டது. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளையைக்கூட அவரேதான் பிடித்தார். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பெனிக் கடையைப் பார்வையிடப் போன இடத்தில், ஒரு விற்பனையாளர் தரையில் மண்டியிட்டு, வாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் வாங்கப்போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த விற்பனையாளருக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அவசரமில்லாமல் கட்டினார். இவருக்குத் தங்கையைக் கொடுக்கலாம் என்று அட்லஸுக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

தோன்றியது வீண்போகவில்லை. மாப்பிள்ளை அதே கடைக்கு மேனேஜர் ஆனார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அட்லஸ் குடியிருந்தது தனி அறையில் என்றாலும் வீடு என்று அவர் நினைத்தது தங்கை வீட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அங்கே. சாப்பாட்டைவிடக் கேலிதான் அதிகம் பரிமாறப்படும்.

"மாப்பிள்ளை, உங்க கடையில ஷூவை விடப் பேச்சுதான் நல்லா விக்குதாமே?"

"என்ன பண்றது மச்சான், பேச்சுக்குத்தான் ஸ்டாக் தீரவே மாட்டேங்குது."

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்று தங்கை அதட்டுவாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளியம்மாவுக்கு வெளிநாட்டு ஆசை வந்தது. கம்பெனியைத் தொடங்கியவரின் மகள் அவர். நம் கடை உலகம் முழுக்க இருக்க வேண்டும், திட்டம் கொடுங்கள் என்றார். அட்லஸ் இருபது வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அங்கெல்லாம் தடுக்கி விழுந்தால் ஷூ கடை. புதிதாகப் போகிறவனிடம் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். அட்லஸ் ஒரு யோசனை கண்டுபிடித்தார். கடையில் பாதி அலமாரிகளை எடுத்துவிட்டு, தரையில் ரப்பர் பாதை போடுவது. ஷூவை மாட்டிக்கொண்டு நின்று பார்ப்பதற்குப் பதில், ஓடிப் பார்த்து வாங்கட்டும்.

அதை முதலில் உள்ளூரில் ஒரு கடையில் போட்டுச் சோதிக்க வேண்டும். எந்த மேனேஜர் சம்மதிப்பார்? அலமாரி போனால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் விற்பனை குறையும், கமிஷன் குறையும். எல்லாரும் நழுவினார்கள். அட்லஸ் ஞாயிற்றுக்கிழமை கை கழுவும் இடத்தில் வைத்து மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"நீங்க கேட்டு நான் எப்ப மச்சான் இல்லைன்னிருக்கேன்?" என்றார் மாப்பிள்ளை.

வாசலில் தொடங்கி, பணம் கட்டும் இடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்சுவர் வரை சிவப்பு டிராக் போட்டார்கள். கூட்டம் அள்ளியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடின. தொப்பை வைத்த அப்பாக்கள் வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினார்கள். ஓடி, மூச்சு வாங்கி, மாப்பிள்ளை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் முன்பு வாங்கியவர்களில் பாதிதான் இருப்பார்கள்.

மாப்பிள்ளை கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். "விற்பனை இறங்கிட்டே போகுது மச்சான்" என்றார்.

"இது சோதனைதானே. அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன் என்று அவர் சொன்னது மனதாரத்தான். ஆனால் திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது, டிராக்கில் ஓடுகிற முகங்களின் படங்களைப் போட்டார். வாடிக்கையாளர் கடைக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று போட்டார். விற்பனை என்ற இடத்தில் மட்டும் அந்த ஒரு கடையின் தொகையைத் தனியாகக் காட்டாமல் நகரத்துக் கடைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டு ஜனங்கள் வேறு, அங்கே வாங்குவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொய் என்று அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் பொய்.

முதலாளியம்மாவுக்குத் திட்டம் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டுக் கடை ஒவ்வொன்றிலும் சிவப்பு டிராக் என்று முடிவானது. அதற்கு முதலீடு வேண்டுமே, உள்நாட்டில் சரியாக ஓடாத கடைகளை மூடலாம் என்றார்கள். எவற்றை மூடுவது என்பதற்கு விதி எழுதிக் கொடுத்ததும் அட்லஸ்தான். ஒரு சதுர அடிக்கு எவ்வளவு விற்கிறது என்று பார்ப்பது, கடைசியில் நிற்பவற்றை மூடுவது. நியாயமான விதி. ஆனால் மாப்பிள்ளை இருந்த பாலத்துக் கடையின் சதுர அடியில் டிராக் போட்ட இடத்தைக் கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மனதில் அது கடையாகவே இல்லாமல் போயிருந்தது. அது சோதனை. சோதனையை யாராவது மூடுவார்களா?

மீட்டிங்கில் நிதி அதிகாரி மூட வேண்டிய கடைகளின் எண்களை வாசித்தார். அங்கே கடைகளுக்கு எண்தான், பெயர் கிடையாது. பாலத்துக் கடையின் எண்ணைக் கேட்டதும் அட்லஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

சொல்ல இருந்தது. அந்தக் கடையில் பாதி இடத்தை டிராக்குக்குக் கொடுத்திருக்கிறோம், அதனால்தான் விற்பனை இறங்கியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? அப்படியானால் டிராக் போட்டால் விற்பனை இறங்குமா? அந்த ஒரு கேள்வியில் உலக வரைபடமே சுருண்டு விழுந்துவிடும். அட்லஸ் தண்ணீர் குடித்தார். எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. அட்லஸ் அந்த உத்தரவுக்குள் ஒளிந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு சேதி வைத்திருந்தார். எதிர்த் தெருவில் வேறொரு கம்பெனி கடை திறக்கப் போகிறதாம். மேனேஜராக வருகிறாயா என்று ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்களாம்.

"என்ன சொல்றீங்க மச்சான், போகட்டுமா?"

போ என்ற ஒரு வார்த்தை போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. போனால் ஏன் என்று தங்கை கேட்பாள், கேட்டால் மறைக்க முடியாது, மறைக்காவிட்டால் தன் வேலை போகும் என்று அந்த நேரத்திலும் மனிதருக்கு வியூகம்தான் ஓடியது.

"உங்க இஷ்டம், மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். "சும்மா கேட்டேன். நம்ம டிராக்கை விட்டுட்டு நான் எங்க போறது? ஏதாவது ஒண்ணுன்னா நீங்க சொல்லாமலா இருப்பீங்க." வர முடியாது என்று மறுநாளே அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அறிவிப்பு வந்தது. கடையை மூடினார்கள். சிவப்பு ரப்பரைச் சுருட்டி லாரியில் ஏற்றும்போது மாப்பிள்ளை தானும் ஒரு கை பிடித்தாராம். எதிர்த் தெரு வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. பிறகு ஒரு பெரிய மளிகைக் கடையின் கிடங்கில் மூட்டை எண்ணி அடுக்கும் வேலைதான் கிடைத்தது.

அந்த வாரம் அட்லஸ் போனபோது தங்கை கதவைத் திறந்துவிட்டு வழியை மறித்தபடி நின்றாள். "உனக்குத் தெரியும்தானே?" என்றாள். "ஒரு மாசமா நீ அவரக் கிண்டலே பண்ணல. அப்பவே எனக்குச் சந்தேகம்."

அட்லஸ் தலையைக் குனிந்தார். அவள் வழிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மனசுல வச்சுக்காதீங்க மச்சான். மேல இருக்கறவங்க உங்களக் கேட்டுட்டா செய்றாங்க? தெரிஞ்சிருந்தா தலைகீழா நின்னாவது தடுத்திருப்பீங்க." ஆறுதல் சொல்ல வேண்டியவர் ஆறுதல் கேட்டுக்கொண்டு நின்றார். அதைவிட மாப்பிள்ளை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறப்பு விழாக்களுக்கு அட்லஸ் விமானம் ஏறிப் போனார். வரைபடத்தில் மட்டும் பார்த்த தெருக்களில் நடந்தார். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அங்கேயும் ஜனங்கள் ஓடினார்கள், சிரித்தார்கள், வாங்காமல் போனார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு டிராக்கை எடுத்துவிட்டு அலமாரி போடச் சொன்னார்கள். எந்தெந்தக் கடையில் எப்போது எடுப்பது என்பதற்கும் திட்டம் வேண்டியிருந்தது. அதையும் அட்லஸ்தான் போட்டார். அலமாரி வந்ததும் கடைகள் நிமிர்ந்துகொண்டன. அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

ஆக, மாப்பிள்ளையின் கடையைக் காவு கொடுத்தது ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக. இந்த எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு பிடித்துப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் சொல்றதக் கேளுங்க மச்சான். கிடங்குல பசங்க கேக்கறாங்க, அண்ணே, முன்னாடி என்ன வேலை பாத்தீங்கன்னு. இப்ப எத்தனையோ நாட்டுல ஷூ கடைக்குள்ள டிராக் ஓடுதே, அதை முதமுதல்ல போட்டவன் நான்தான்டான்னேன். நம்ப மாட்டேங்கறானுங்க." அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கடை போனா போகட்டும். அது எங்கயோ ஓடிட்டிருக்கு பாருங்க, எனக்கு அது போதும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"கை கழுவிட்டு வரேன்" என்று அட்லஸ் எழுந்து பின்கட்டுக்குப் போனார். தங்கை அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"சொல்லத்தானே வந்த?"

"முடியலம்மா. சொன்னாத்தான் எனக்கு..."

"உனக்கு லேசாயிடும். அவருக்கு?" அவள் குரலை உயர்த்தவில்லை. "டிராக்கையெல்லாம் எடுத்துட்டாங்கன்னு உன் ஆபீஸ்காரர் ஒருத்தர் கடைத்தெருவுல சொன்னாரு. நான் வீட்ல சொல்லல. அவருக்கு மிச்சம் இருக்கறது ரெண்டுதான் அண்ணா. அந்த டிராக்கு, அப்புறம் நீ. ரெண்டையும் ஒரே நாள்ல பிடுங்கிடாத. நீ சாகற வரைக்கும் இதச் சொல்லவே கூடாது. உனக்குத் தூக்கம் வரலைன்னா முழிச்சிட்டுக் கிட."

அவள் திரும்பவும் குழாயைத் திறந்தாள். அட்லஸ் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். முதுகு வலியோடு மாப்பிள்ளை நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். மருமகள் தண்ணீர் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த ஊருலயெல்லாம் ஓடறவங்களுக்கு எங்கப்பாதான் இதை முதல்ல போட்டாருன்னு தெரியுமா?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்த தங்கை அப்படியே நின்றாள்.

"தெரியும்டா" என்றார் அட்லஸ். "கடைக்காரங்க எல்லாருக்கும் சொல்றாங்க."

மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துத் தலையாட்டினார். தங்கை தட்டை வைத்து, அண்ணனுக்கு முதலில் பரிமாறினாள்.