கேட் போட்டால் இன்ஜினை நிறுத்துவார்

திங்கட்கிழமை காலை எங்கள் ஊர் நிறுத்தத்துக்குக் கம்பெனி வேன் வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள். ஏகாம்பரம் அண்ணன் லீவா என்று கேட்டேன். நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் மகள் நந்தினியும் ஏறினாள். அன்றைக்கு வழக்கம்போல மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். மதியம் சோறுகூடச் சாப்பிட்டேன். சாயங்காலம் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு ஒடுகத்தூரில் அவர் வீட்டுக்குப் போனோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒடுகத்தூரைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போகிற வேனை ஓட்டினவர் அவர். ஹாரன் அடித்து யாரையும் கூப்பிட மாட்டார். தலை வாராமல் ஓடிவந்தால், “மெதுவா வாம்மா, கம்பெனி எங்கயும் ஓடிடாது” என்பார்.

நந்தினி ஆம்பூரில்தான் படிக்கிறாள். வேலைக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் வேனில் ஏறக்கூடாது என்பது கம்பெனி சட்டம். பஸ்ஸில் அவள் படும் பாட்டைப் பார்த்து அவராகத்தான் ஏறச் சொன்னார். அந்தப் பொண்ணு யாரு என்று சூப்பர்வைசர் கேட்டபோது, “எங்க வண்டி ரேடியோ சார்” என்றாராம்.

அது பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்று நந்தினி பெயர் கொடுத்திருந்தாள். ‘பாலாற்றைக் காப்போம்’ என்பது தலைப்பு. வேனில்தான் பேசிப் பழகினாள். அது பழைய வண்டி, பெரிய சத்தம். அவர் முன்னால் இருந்து, “பாப்பா, கேக்கல” என்பார். இவள் குரலை ஏற்றுவாள். “இன்னும் கேக்கல” என்பார். இன்னும் ஏற்றுவாள். எங்களோடு வரும் மும்தாஜ் அக்கா, “மெல்லப் பேசுடி, ஆத்துல கழிவு விடற தோல் கம்பெனி மொதலாளி காதுல விழப்போகுது” என்று கிண்டல் செய்வார். வேனே சிரிக்கும்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் பரிசு. அடுத்த சுற்று வேலூரில். நான் லீவு போட்டுக் கூட்டிப்போனேன். அங்கே மைக் வைத்திருந்தார்கள். மைக் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. “அவையோர்க்கு வணக்கம்” என்று வேனில் கத்துவதுபோலவே கத்தினாள். மைக் கீச்சென்று அலறியது. நடுவர் காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குமேல் அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் வேனில் நடந்ததை நான்தான் சொன்னேன். ஆம்பூர் வந்து நந்தினி இறங்கிப்போன பிறகு அவர், “தப்பு புள்ள மேல இல்ல. கேக்கல கேக்கலன்னு நான்தான் கத்த வச்சேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவள் வேனில் வாயைத் திறக்கவில்லை. ஆம்பூருக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் உண்டு. எங்கள் வேன் போகும் நேரத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். ஒருநாள் அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் நிறுத்தினார். திடீரென்று எல்லாம் அமைதியானது. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “பாப்பா, இப்போ பேசு. வீட்ல பேசற மாதிரி பேசு.”

அவள் பேசவில்லை. மறுநாளும் நிறுத்தினார். அதற்கு அடுத்த நாளும் நிறுத்தினார். வற்புறுத்தவில்லை. அப்படியே ஒருநாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். குரல் ஏறினால் கண்ணாடியில் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டுவார். கேட் திறந்ததும், “மிச்சம் நாளைக்கு” என்று வண்டியை எடுத்துவிடுவார். முடிவுரை வரைக்கும் அவள் போய்ச் சேர்ந்த நாட்கள் கம்மிதான்.

போன வருஷம் வேலூர்ப் போட்டிக்கு அவரும் வந்தார். உள்ளே உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. சட்டையெல்லாம் டீசல் நாத்தம் என்று கதவோரமே நின்றார். மைக்குக்கு முன்னால் நின்ற நந்தினி முதலில் கதவைத்தான் பார்த்தாள். அவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். வீட்டில் பேசுவதுபோலவே பேசினாள். இரண்டாம் பரிசு. மும்தாஜ் அக்கா மறுநாள், “இன்னா அண்ணே, ரேடியோ ஒண்ணாவது வரலியா?” என்று சீண்டினார். “போன வருஷம் அலறுச்சே, மறந்துட்டியா?” என்றார் அவர்.

இந்த வருஷப் போட்டி வருகிற வெள்ளிக்கிழமை. மாலை போட்டுவிட்டு வந்த இரவே நந்தினி, “நான் போவல” என்றாள்.

இன்று காலை கேட் மூடியிருந்தது. புது டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, வண்டிய ஆஃப் பண்ணு” என்றார் மும்தாஜ் அக்கா.

“இப்ப தெறந்துடுவாங்கக்கா.”

“தெரியும். ஆஃப் பண்ணு.”

நிறுத்தினார். யாரும் நந்தினியைப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அவையோர்க்கு வணக்கம்” என்று கேட்டது. மெல்லிய குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ரயில் வந்தபோது நிறுத்தினாள். போனபிறகு விட்ட இடத்திலிருந்து பேசினாள். கேட் திறந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“எடுங்கண்ணா. மிச்சம் நாளைக்கு” என்றாள்.

ஏகாம்பரம் அண்ணா, வெள்ளிக்கிழமை வேலூருக்குப் போகிறோம். நான் உள்ளே உட்காரப்போவதில்லை. கதவோரம் நிற்கிறேன். கையை எப்போது தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போய் வாருங்கள்.