மூடிய தறிக்குழி

வங்கி கைப்பற்றும் வீடுகளின் நிலையைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது என் வேலை. செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் வீட்டில் கதவு, குழாய், சுவிட்சு எல்லாம் சரியாக இருந்தன. கூடத்துத் தரையில் மட்டும் புது சிமெண்ட் பூசியிருந்தது. நோட்டீஸ் வந்தபின் எதையாவது மாற்றினால் பழைய உரிமையாளர்மேல் புகார் போகும்.

“இது என்னண்ணா?” என்று அந்த நெசவாளரிடம் கேட்டேன்.

“தறிக்குழிமா, நெய்யறப்ப கால் வைக்கிற குழி. நேத்துதான் மூடுனேன்.”

அவர் மனைவி குறுக்கிட்டார். “வூடே போவுது, குழி இருந்தா இவருக்கு என்னாவாம்? கேளும்மா.”

“வர்றவங்க தறி போடாதவங்களா இருந்தா? தெரியாம கால வுட்டு ஒடச்சிக்குவாங்க.”

தட்டிப் பார்த்தேன்; உள்ளே நன்றாக மண் இறுக்கியிருந்தார். சேதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். குறிப்பில், நோட்டீசுக்குப் பிறகு குழி மூடப்பட்டதையும் அதன் காரணத்தையும் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார்.

“புது சிமெண்டுக்கு ஒரு வாரம் தண்ணி ஊத்தணுமேமா. பூட்டிக்கினா யாரு ஊத்துவா? வெடிச்சிடும்.”

அவர் சொன்னது சரிதான். மூன்று பேரும் கோணிச்சாக்குகளை நனைத்து, ஈரம் நிற்கும்படி அந்தப் பூச்சின்மேல் விரித்தோம். பிறகுதான் பூட்டினேன்.