இரவல் ஜாடி

ஊறுகாய் போடாத ஜாடி எதற்கு என்று என்னைக் கேட்காத தமிழர் டில்லி சரோஜினி நகரில் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நானும் கணவரும் ஆளுக்கொரு மினிஸ்ட்ரியில் வேலை பார்த்தோம். அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறை. அந்த அரை அறை முழுக்க என் ஜாடிகள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், வானொலிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஜாடி. ஊரிலிருந்து வருகிறவர்கள் காலை நீட்டிப் படுக்கப் பயப்படுவார்கள். படுத்துத்தான் ஆகவேண்டுமென்று நானும் யாரையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்குப் பின்னால் பழைய சாமான் சந்தை கூடும். தூதரகத்து வெள்ளைக்காரர்களும் ஜப்பான்காரர்களும் மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன பொருள்களெல்லாம் சமையல்காரர், பழைய சாமான் எடுக்கும் கபாடிவாலா என்று கைமாறி அங்கே தரையில் வந்து உட்கார்ந்திருக்கும். சீனத்து இஞ்சி ஜாடி, பர்மாவின் பழுப்பு நிறப் பெரிய ஜாடி, கழுத்து நீண்ட ஜப்பான் பூச்சாடி, போன வாரம் பக்கத்து ஊர் குர்ஜாவின் சூளையில் வெந்து வந்த புது ஜாடி, எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். கடைக்காரர்கள் சீனத்துச் சாமான் எதுவானாலும் கூசாமல் "மிங்" ராஜவம்சத்தது என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பையா, மிங் என்றால் நீயே வைத்துக்கொள், ஜாடி என்றால் எனக்குக் கொடு" என்று இந்தியில் சண்டை பிடித்து வாங்குவேன்.

ஜாடியைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பார்ப்பேன். நகத்தால் சுண்டுவேன். விரிசல் இருந்தால் ஓசை சப்பென்று விழும். கடைசியாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். நல்ல பீங்கான் ஜில்லென்று இருக்கும். உடைந்ததை ஒட்டி வர்ணம் பூசி மறைத்திருந்தால் அந்த இடம் மட்டும் குளிராது. நடுச்சந்தையில் ஒரு மதராஸிப் பெண் ஜாடியைக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அப்படிச் சோதித்து வாங்கியதில் நான் ஏமாந்தது குறைவு.

எங்கள் வீட்டுப் பின்சந்தில், எதிர் வரிசையில், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும் மட்டும். குழந்தை இல்லை. அவர் ராணுவக் கணக்கு ஆபீஸில் வேலை. அவள் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வாய் ஓயாது. நான் ஜாடிகளைத் துடைக்கிற நாளாகப் பார்த்து வருவாள், வேடிக்கை பார்க்க.

"ஏங்க்கா, இம்புட்டுச் சாடிக்கும் அரிசி போட்டா ஒரு வருசத்துக்கு ரேசன் கடைக்கே போக வேணாமே?"

"அரிசி போட்டா நான் உன்னைத்தான் முதல்ல போடுவேன் வெளியே."

சிரித்துக்கொண்டே கூடமாட எடுத்துக் கொடுப்பாள். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் கை அத்தனை பதவிசு. அவள் தொட்டு ஒன்றுகூட மூக்கு உடைந்ததில்லை. எல்லாவற்றிலும் அவளுக்கும் எனக்கும் ஒரே போலப் பிடித்தது ஒரு பச்சை ஜாடி. பச்சை என்று சொன்னால் போதாது. வெள்ளரிக்காயைக் கீறினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். சீனத்துப் பழைய சாமான். அதைவிடப் பெரிய அதிசயம், மூடி அதனுடைய சொந்த மூடி. பழைய ஜாடிகளில் மூடி தப்பிப் பிழைப்பது அபூர்வம். பிழைத்தாலும் வேறு எதன் தலையையோ கொண்டுவந்து இதில் வைத்திருப்பார்கள். இது வைத்து மெல்லத் திருப்பினால் அப்படியே கவ்விக்கொள்ளும்.

ஒரு கோடையில் அவள் கணவர் ஆபீஸ் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து மோதி பாகிலிருந்து அவருடைய தம்பி ஓடி வந்து ஆகவேண்டியதைச் செய்தார். யமுனைக் கரையில் எரித்து, அஸ்தியை மண்கலயத்தில் எடுத்து, வாயில் துணி கட்டிக் கொண்டுவந்தார்கள். ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்றாள் அவள். அவர் பிறந்த மண் அதற்குப் பக்கத்தில்தான். மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அஸ்தி வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் கலயத்தைப் பின்சந்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாயாடிப் பெண், ஒரு வார்த்தை பேசாமல் அந்த மரத்தைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

டில்லியின் அனல்காற்று ஆடாத பொருளையும் ஆட்டிவிடும். கலயம் கிளையில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது. புறப்படுகிற அன்று காலையில் அவள் என் பின்வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை, தீட்டு.

"அக்கா, மூடி போட்ட சாடி ஒண்ணு குடுங்க. கலயம் கீறிப் போச்சு. ரயில்ல தாங்காது."

போனால் அந்த ஜாடி வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அஸ்தி வைத்த பாத்திரம் வீடு திரும்பாது. கடலோடு விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கரையில் போட்டு உடைப்பார்கள். எங்கள் திருநெல்வேலியிலும் அதுதான் வழக்கம்.

முதலில் என் கை குர்ஜா ஜாடிக்குத்தான் போனது. புதுசு, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் மூடி விழப்போகிற பல் மாதிரி ஆடும். இன்னொன்றுக்கு மூடியே இல்லை. இஞ்சி ஜாடிக்கு வாய் குறுகல். திரும்பத் திரும்ப ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசியில் பச்சை ஜாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "அது வேணாங்க்கா. அது போக வேற குடுங்க."

"வேறதுக்கெல்லாம் மூடி சரியில்ல. ஜல்தி பிடி, ரயிலுக்கு நேரமாகுது" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மென்மையாகச் சொல்லியிருந்தால் எனக்கே மனசு மாறிப்போயிருக்கும்.

சாயங்காலம் கணவர் ஜாடி இருந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். "குர்ஜா ஜாடி வாயில துணியைக் கட்டிக் குடுத்திருக்கலாம்லா?" என்றார். அவருக்கு முன்னால் காப்பியை டொக்கென்று வைத்தேன். கொடுத்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கண் அந்தக் காலி இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு மனுஷன் போயிருக்கிறார், இவள் ஜாடிக்கு அழுகிறாளே என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அந்த இடத்தில் ஜப்பான் பூச்சாடியை நகர்த்தி வைத்தேன். அது அங்கே பொருந்தவே இல்லை.

மழை தொடங்கிய பிறகு அவள் டில்லிக்குத் திரும்பினாள். அவள் கணவருடைய ஆபீஸிலேயே அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அலைந்ததெல்லாம் கொழுந்தனார்தான். தனியாக இருக்கவேண்டாமென்று தன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வந்து அவளோடேயே குடியேறினார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நல்லதனத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை மிச்சமில்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் இந்த முறையும் பின்வாசலில்தான் வந்து நின்றாள். கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து பச்சை ஜாடியை எடுத்தாள்.

"இரவல் சாமான் கொண்டாந்திருக்கேன்க்கா."

ஜாடியைக் கழுவி, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே சுக்குக் கருப்பட்டி. கழுத்துவரை அடுக்கியிருந்தாள். வாசனை சந்துவரை வந்தது.

இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வெறுமனே கொடுக்கக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அது ஒரு முறை. அஸ்தி வைத்த பாத்திரம் வாசல்படி மிதிக்கக்கூடாது. அதுவும் ஒரு முறைதான். இரண்டையும் அவள் அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள், என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. இரண்டும் ஒரே ஜாடியில் வந்து நிற்கும் என்று எந்த அம்மாவுக்குத் தெரியும்?

என் பின்னால் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "என்னம்மா இது? விவரம் தெரியாத பிள்ளையா நீ?" என்றார்.

அவள் தலை குனிந்தபடியே பேசினாள்.

"தெரியும்ணே. கொழுந்தனாரு கடல்ல கரைச்சுட்டு சாடியத் தூக்கி எறியத்தான் போனாரு. நாந்தேன் கையப் பிடிச்சுக்கிட்டேன். இரவல் சாமான், அக்காகிட்டத் திருப்பிக் குடுக்கணும், வெல ஒசந்ததுன்னு சொன்னேன். அதனாலதேன் விட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நெசம் அது இல்லக்கா. டில்லியில இருந்து மெட்ராஸ் வரைக்கும், அங்கிட்டு இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் அவுகள மடியிலயே வச்சிருந்தேன். சூடு தணிஞ்சு ஜில்லுனு இருந்தாக. எறிய மனசு வரல."

முந்தானையால் ஜாடியின் கழுத்தைத் துடைத்தாள்.

"வீட்டுல வச்சுக்க முடியாது. போட்டோவே மாட்டக் கூடாதுங்கறாரு, பாத்துப் பாத்து அழுவேனாம். உங்ககிட்டத்தேன் இம்புட்டுச் சாடி இருக்கே. அதுல ஒண்ணா இது பாட்டுக்கு இருக்கட்டும். வேணாம்னா சொல்லிருங்க, யமுனைக்குப் போயி விட்டுர்றேன்."

யமுனைக்குப் போய்விட்டு அவள் எப்படித் திரும்பி வருவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. திரும்பி வருவாளா என்றும் தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது. ஜாடிக்குப் பயமா, அவளுக்குப் பயமா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். நான் பெரிய புரட்சிக்காரி ஒன்றும் இல்லை. நாள் நட்சத்திரம் பார்க்காமல் புது உப்புகூட வாங்கமாட்டேன். ஆனால் அவளை வாசலில் நிற்க வைத்துக்கொண்டே சாஸ்திரம் யோசிப்பது கேவலமாக இருந்தது. ஒரு கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்புக்கு முன்னால் சுக்குதான் எரிந்தது. பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஜாடியோடு வந்தாள்.

கணவர் அந்தக் கருப்பட்டியைக் கடைசிவரை தொடவில்லை. அன்று மத்தியானம்வரை என்னோடு பேசவும் இல்லை. வழக்கமான இடத்தில் நான் ஜாடியை வைக்கப் போனபோதுதான் வாயைத் திறந்தார்.

"அங்க வேண்டாம். பின்பக்கத்து ஜன்னல்ல வை. அவ ஆபீஸுக்குப் போற வழில பாத்துக்கிடட்டும். தெனமும் இங்க வந்தாத் தம்பிக்காரன் கேள்வி கேப்பான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

வேலை கிடைத்து அவள் ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். காலையில் டிபன் டப்பாவும் குடையுமாக ஜன்னலைத் தாண்டிப் போவாள். நிற்கமாட்டாள். நடை மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் தாமதிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி துடைக்க வருவாள். மற்ற ஜாடிகளை நான் துடைப்பேன். பச்சை ஜாடியை நான் தொடுவதில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ரேஷன், ஆபீஸ், கொழுந்தனார் பிள்ளைகளின் இந்தி எல்லாம் பேசுவாள். அவரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். நானும் கிளறியதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பழக்கமான பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்துவிட நினைத்த பூச்சாடி ஒன்றைப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண் ஜன்னலுக்குப் போனது. எழுந்து போய்ப் பச்சை ஜாடியைக் கையில் எடுத்தார். மூடியைத் திருப்பினார், அடியைப் பார்த்தார். மறுபடியும் மூடியைத் திருப்பினார்.

"இதைக் கொடுங்கள் பெஹன்ஜி. பூச்சாடியை விடுங்கள்."

"அது கொடுக்கிறதுக்கு இல்லை. என்னுடையதும் இல்லை."

"அச்சா? அப்படியென்றால் யாருடையது?"

அவர் கேட்டதில் தவறு இல்லை. ஒரு பழைய ஜாடியைப் பார்த்தால் இதற்குமுன் யாரிடம் இருந்தது என்று கேட்பது அந்தத் தொழிலின் முதல் கேள்வி. நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், தரையில் துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள்.

"மேரே ஆத்மி கா" என்றாள், தெளிவாக. என் வீட்டுக்காரருடையது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் ஜாடியைக் கொடுத்துவிட்டார்.