பெரிய டயரும் மூணு நிமிஷ லேட்டும்

இன்னைக்குக் காலையில தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வாசல்ல எனக்கும் மேனேஜர் அண்ணாச்சிக்கும் சண்டை.

கம்பெனிக்கு வேலையாள் ஏத்திட்டுப் போற வேனை ஓட்டுறது நான்தான். ரோடு மோசம்னு போன வாரம் அண்ணாச்சி நாலு சக்கரத்தையும் மாத்தி, பெரிய டயராப் போட்டாக. அன்னையிலருந்து மீட்டர் அறுபது காட்டுனா, போன் மேப்ல அறுபத்தாறு காட்டுது.

அறுபதைத் தாண்டக் கூடாதுங்கிறது கம்பெனி ரூல். நேத்துதான் இதைக் கவனிச்சேன், அதனால இன்னைக்கு மீட்டர்ல அம்பத்திநாலுலயே வந்தேன். இந்த ஒரு வாரமா வந்த நேரத்தைவிட மூணு நிமிஷம் லேட்.

"அறுபதுல வர வேண்டியதுதானம்மா?"

"அண்ணாச்சி, சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் மீட்டருக்குத் தெரியும். பெரிய டயர் ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதல் தூரம் ஓடும். அது அதுக்குத் தெரியாது. இந்தாங்க, போனைப் பாருங்க."

பாக்கவே இல்ல. "பட்டாசுக் கம்பெனிக்குப் போனைத் தூக்கிட்டு வரலாமா? மொதல்ல அதை வாசல்ல குடு!"

வேன்ல இருந்த பன்னெண்டு பொம்பளைகளும் என் மூஞ்சியவே பாக்குறாக.

குடுத்தேன். குடுத்துட்டுச் சத்தமாவே சொன்னேன்: "ஆபத்தான சாமானை எல்லாம் வாசல்ல குடுக்கணும்னா, இந்த மீட்டரையும் கழட்டிக் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும் அண்ணாச்சி."

வேனுக்குள்ள ஒரே சிரிப்பு.

நாளைக்கும் அம்பத்திநாலுதான். மூணு நிமிஷம் லேட்டாப் போனா வெடி ஒண்ணும் கோவிச்சுக்காது.

உங்க வண்டியில பெரிய டயர் போட்டிருக்கீகளா? மீட்டரை நம்பாம ஒருக்கா போன்ல பாத்துட்டுச் சொல்லுங்க. மீட்டரைக் கழட்டிக் குடுக்க எங்க கம்பெனி வாசல்ல இன்னும் இடம் இருக்கு.