சிலைக்கு முன்னால் சித்தப்பா

2009இல் எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவர் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. நிலம் அளந்து திரிந்தவர். பிரிட்டிஷ் ராஜாவுக்காகச் சண்டை போட்டுவிட்டு, பிறகு அடுத்த ராஜாவின் படையையே எட்டு வருடம் எதிர்த்து நின்றவர். காலில் சப்பாத்துக்கூட இல்லாத ஆட்களைப் பனியில் நடத்திக்கொண்டு போனவர். வாசித்து வாய் பிளந்தேன்.

அப்போது சித்தப்பா கோலியர்ஸ் வுட்டில் எங்களோடு இருந்தார். அகதி வழக்கு முடியவில்லை, வேலைக்கும் போக முடியாது. யார் கேட்டாலும் அவர் ஊரில் கடை வைத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக் கட்டளை அது.

அந்த ஜனாதிபதியின் சிலை டிரபால்கர் சதுக்கத்தில் இருப்பதாகச் சொன்னேன். கூட்டிக்கொண்டு போனார். சிலைக்கு முன்னால் அவருடைய குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது.

"ஏன் சித்தப்பா இப்பிடி நிக்கிறியள்?"

"பழக்கம்," என்றார். பிறகு, "தோத்திருந்தா இந்த நாட்டுக்காரங்கள் இவரைத் தூக்கிலை போட்டிருப்பாங்கள். வெண்டபடியால் அவங்களே சிலை வைச்சிருக்கிறாங்கள்."

எனக்குப் புல்லரித்தது. எங்கள் வீட்டிலும் ஒரு படைவீரர் இருக்கிறார்!

அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மாலையில் ஆசிரியை பள்ளி வாசலில் அம்மாவிடம் சித்தப்பாவைப் பாராட்டினார். அம்மா "கடை, கடை" என்று ஆங்கிலத்தில் உளறினாள். வீட்டுக்கு வந்ததும் அகப்பைக்காம்பால் வெளுத்தாள்.

"அடிக்காதேங்கோ அண்ணி. பிள்ளை பொய் சொல்லேல்லை."

"அந்த உண்மைக்குத்தான் உங்களைத் திருப்பி அனுப்புவாங்கள்."

ஆசிரியை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பயந்த வீட்டில் அதையெல்லாம் யார் யோசித்தது? அந்தச் சனிக்கிழமையே சித்தப்பா பையோடு வெளிக்கிட்டார். எங்கே போகிறார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் சண்டை முடிந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில், பேச்சில் நேரம் போதாமல் விட்டதை அவரிடம் சொன்னேன்.

"சண்டை முடிஞ்சதும் அந்தச் சிலையிலை இருக்கிறவர் தளபதிப் பதவியைத் திருப்பிக் குடுத்திட்டுத் தன்ரை தோட்டத்துக்குப் போயிட்டார், சித்தப்பா. நீங்களும் ஊர் வீட்டுக்கோ போறியள்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓம். போறன்," என்றார்.

அவர் போனது அதே நகரத்தில், லூயிஷாமில் ஒரு சிநேகிதரின் அறைக்கு. ஊருக்குத்தான் போகிறார் என்று நம்பி, பஸ் மறையும்வரை சந்தோஷமாகக் கை காட்டினேன். தோற்றவனுக்குத் தோட்டம் மிஞ்சாது என்று என் புத்தகத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை.